இரும்புச் சட்டை போட்ட ஏரம்பமூர்த்தி

"இனி என்னை எந்த ஆயுதத்தாலயும் ஒண்டும் செய்யேலாது" என்று ஏரம்பமூர்த்தி அறிவித்தபோது, அவர் மனைவி இராசமலர் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டுவதை நிறுத்தவில்லை.

"ஆர் உங்களைச் செய்யப்போகினம்?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். ஒக்லாந்திலே, அதுவும் லின்ஃபீல்டிலே, வாளோடு திரிகிறவர்கள் குறைவு. அந்தத் தெருவில் ஆகப் பயங்கரமான ஆயுதம் புல்லு வெட்டுகிற மிஷின். அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வெளியே வரும்.

ஆனால் கேள்வி நியாயம் என்பதற்காக அசைந்து கொடுக்கிற ஆளா ஏரம்பமூர்த்தி? ஊரில் சீமெந்துத் தொழிற்சாலையில் எஞ்சினியராக இருந்தவர். நாற்பது பேர் அவரைக் கண்டதும் "சேர்" என்று எழுந்து நின்றவர்கள். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து, நியூ லின்னில் ஒரு தகடு வேலைப் பட்டறையில் காற்றுக்குழாய்களுக்குப் படம் கீறுகிறார். அங்கே அவருக்குப் பெயர் எரிக். முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் இடைவேளை முடிந்துவிடுகிறது என்று மேற்பார்வையாளர் வைத்த பெயர்.

அந்த மேற்பார்வையாளர் நல்ல மனிதர். வெட்டி மிஞ்சிய தகடுகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஏரம்பமூர்த்தி எடுத்துக்கொண்டார். நூலகத்திலிருந்து ஐரோப்பிய வீரர்களின் கவசங்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகத்தையும் எடுத்துக்கொண்டார். பதினொரு மாதம் கராஜுக்குள் தட்டோ தட்டு என்று தட்டினார். கார் வெளியே மழையில் நனைந்தது. உள்ளே தலையிலிருந்து கால்வரை ஒரு இரும்புச் சட்டை உருவானது.

கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்தினால்தான் தான் இன்னும் எஞ்சினியர் என்கிற நினைவு அவருக்கு வரும். அந்தக் கராஜ் இல்லாவிட்டால் இந்த ஊரில் தனக்கென்று ஒன்றுமில்லை என்று அவர் உண்மையாகவே நம்பினார். இதை ஒருவருக்கும் சொன்னதில்லை. சொல்லாமலே இராசமலருக்குத் தெரியும். தெரிந்தும் அவளுக்கு அதே கராஜ் வேண்டியிருந்தது.

காரணம் மிளகாய்.

யாழ்ப்பாணத்துக் கறித்தூளுக்கு மிளகாயை வறுத்துத்தான் இடிக்க வேண்டும். போன வருடம் இராசமலர் அதைக் குசினிக்குள் வறுத்தாள். கால் மணித்தியாலத்தில் தெருவில் இரண்டு தீயணைப்பு வண்டிகள். தடித்த உடுப்புப் போட்ட ஆறு பேர் கோடாலியோடு உள்ளே ஓடினார்கள். ஆறு பேரும் இருமிக்கொண்டு வெளியே ஓடினார்கள். அன்றைக்குப் பிறகு வீட்டுக்குள் வறுப்பது நின்றது. கடைத்தூளில் கறி. அந்தக் கறியைப் பார்த்துத் தினமும் முகத்தைச் சுளித்தவர் வேறு யாருமில்லை, ஏரம்பமூர்த்தியேதான். நாலு குடும்பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு அரைக்கிற மிஷினும் வாங்கியாயிற்று. அது நியூ லின்னில் அவர்களில் ஒருத்தியான ரதிதேவி வீட்டு விறாந்தையில், மேலே ஒரு பூப்போட்ட துணியோடு, கராஜுக்காகக் காத்திருந்தது.

"இஞ்சேருங்கோ, கதவைத் திறந்துவிட்டால் புகை அங்கால போயிடும். கராஜ்தான் தோது" என்று இராசமலர் பலமுறை சொல்லிவிட்டாள்.

"என்ர கவசத்தை எங்க வைக்கிறது?"

"போட்டுக்கொண்டு திரியுங்கோவன்."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வழக்கில்தான் அன்றைய அறிவிப்பு வந்தது. கத்தரிக்காய்க்கு முன்னால் ஏரம்பமூர்த்தி ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இஞ்சேர், வாளால வெட்டினால் என்ன நடக்கும் சொல்லும் பாப்பம்."

"வெட்டுப்படும்."

"படாது! தகடு வளைஞ்செல்லோ இருக்கு. வாள் வழுக்கிக்கொண்டு போயிடும்."

"அம்பு?"

"நெஞ்சுத் தகட்டில பட்டால் தெறிக்கும். மெல்லிய இடமாப் பாத்து, கிட்ட நிண்டு விட்டால்தான் உள்ள போகும்."

"சுத்தியல்?"

"ஆ, அது கொஞ்சம் கரைச்சல். தகடு உடையாது, உள்ளுக்கிருக்கிற எலும்பு உடையும். அதுக்குத்தானே உள்ளுக்குப் பஞ்சுச் சட்டை."

"ஓம், என்ர நல்ல போர்வையை வெட்டித் தைச்சது. அப்ப அந்தக் காலத்தில உந்தக் கவசம் போட்டவை ஒருத்தரும் சாகேல்லையோ?"

ஏரம்பமூர்த்தி தொண்டையைச் செருமினார். "செத்தவைதான்."

"எப்பிடி?"

"நாலு இடம் இருக்கு. கண்ணுக்கு விட்ட கீறல். கைக்குக் கீழ, கமக்கட்டு. முழங்காலுக்குப் பின்பக்கம். பிறகு... இடுப்புக்குக் கீழ. கீழ விழுத்திப்போட்டு அதுக்குள்ளால கத்தியை விடுறது. ஆனா நான் நாலையும் அடைச்சுப்போட்டன்."

முதல் முறையாகக் கத்தி நின்றது.

"நாலையுமோ?"

"நாலையும்தான்!"

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்து வீரர்கள் இடுப்புக்குக் கீழே வெறும் சங்கிலிப் பாவாடைதான் தொங்கவிட்டார்கள். குதிரை ஏற வேண்டும், உட்கார வேண்டும், மற்ற அலுவல்களும் இருக்கின்றன. புத்தகத்தில் அது தெளிவாகவே எழுதியிருந்தது. ஆனால் எஞ்சினியர் மூளை ஓட்டையைக் கண்டால் அடைக்கும். ஓட்டை ஏன் இருக்கிறது என்று கேட்காது. ஏரம்பமூர்த்தி அங்கே பதினாறு கேஜ் தகட்டில் ஒரு முழுச் சட்டி அடித்து, முதுகுப் பக்கமாக ஆறு நட்டுப் போட்டு முறுக்கும்படி செய்திருந்தார். அரை இஞ்ச் நட்டு. போட்டவருக்குக் கை எட்டாது. இன்னொருவர் ஸ்பானரோடு பின்னால் நிற்க வேண்டும். அந்த இன்னொருவர் எப்போதும் இராசமலர்.

அவள் கத்தரிக்காயை உப்புத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"அப்ப ஒண்டு செய்வம். நீங்கள் ஒரு மணித்தியாலம் உந்தக் கவசத்தைப் போட்டுக்கொண்டு நில்லுங்கோ. வீட்டில இருக்கிற சாமானால நான் உங்களைத் தோற்கடிச்சால் கராஜ் எனக்கு. இல்லாட்டி நான் இனி வாய் திறக்க மாட்டன்."

"சத்தியமாவோ?"

"சத்தியமா. எண்டைக்கெண்டு நீங்களே சொல்லுங்கோ. வாற சனி மட்டும் வேண்டாம், அதுக்கடுத்த சனியும் வேண்டாம், எனக்கு அண்டைக்கு ரெண்டு மணிக்கு வேலை கிடக்கு."

ஏரம்பமூர்த்திக்குப் பொறி தட்டியது. எதிரிக்கு வசதியில்லாத நாளில்தான் போருக்குப் போக வேண்டும். வரும் சனி அவருக்கே வேலை. "அதுக்கடுத்த சனிதான்!" என்று மேசையில் குத்தினார். "ஒரு மணிக்கு!"

"ஐயோ, சொல்லச் சொல்லக் கேக்கிறியள் இல்லை" என்று இராசமலர் முகத்தைத் தொங்கப்போட்டாள்.

பத்து நாள் இருந்தது. அதில் இரண்டு நாளை அவர் விதிமுறை எழுதுவதில் கழித்தார். படம் கீறுகிற தாளில், அச்சுப் போன்ற எழுத்தில். நெருப்பு வைக்கக்கூடாது. கொதி எண்ணெய், சுடுதண்ணீர் கூடாது. மேலே தண்ணீர் ஊற்றக்கூடாது. கண் கீறலுக்குள் மிளகாய்த்தூள் ஊதக்கூடாது. மனைவியை அவருக்குத் தெரியும், ஆகவே ஒன்றையும் விடவில்லை. மற்றபடி வீட்டில் உள்ள எந்தப் பொருளையும் அவள் பயன்படுத்தலாம். கடைசியாக, ஏழாவது விதி: கவசம் அணிந்தவர் நேரம் முடிவதற்கு முன் தானாகவே கழற்றச் சொன்னால் அது தோல்வி. இந்த ஏழாவதை ஒருவரும் கேட்கவில்லை. வீரம் மேலிட்டு அவரே சேர்த்துக்கொண்டார்.

நடுவர், அடுத்த வீட்டு மாணிக்கவாசகம். மலேசியாக்காரர். ஈப்போவில் பள்ளிக்கூட ஹாக்கிப் போட்டிகளுக்கு நடுவராக இருந்தவர். விசிலை இன்னும் வைத்திருந்தார்.

"என்னா மூர்த்தி, சண்டைக்கா போறீங்க?" என்றார் தாளை வாசித்துவிட்டு. "நல்லா எழுதியிருக்கீங்க லா. கையெழுத்து போடுங்க."

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது இராசமலர் கணவருடைய நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"இரும்பு சூடு எல்லோ. உடம்பு முழுக்கப் போட்டுக்கொண்டு வெயிலுக்க நிக்கப் போறியள். காஞ்சு போவியள்."

அது மாசி மாதம். ஒக்லாந்தில் மாசிதான் கோடை. ஏரம்பமூர்த்தி யோசித்தார். கண் கொஞ்சம் எரிகிறதுபோலத்தான் இருந்தது. எத்தனை பட்டம் வாங்கினாலும் உடம்புச் சூட்டை எதிர்த்து வாதாடிய தமிழ் எஞ்சினியர் இன்னும் பிறக்கவில்லை.

"ஓம், சூடாத்தான் கிடக்கு" என்றார்.

அன்றிலிருந்து பார்லித் தண்ணி. காலையில் ஒரு கிளாஸ், மத்தியானம் ஒரு கிளாஸ், படுக்கப்போகுமுன் ஒரு கிளாஸ். எலுமிச்சம்புளி விட்டு, கொஞ்சம் சீனி போட்டு, அவளே கொண்டுவந்து கையில் கொடுத்தாள். ஏரம்பமூர்த்திக்கு நெஞ்சு உருகிவிட்டது. தோற்கப்போகிறாள், தோற்கப்போவதும் தெரியும், அப்படியிருந்தும் புருஷனுடைய உடம்பைப் பார்க்கிறாளே! வென்றபின் கராஜில் ஒரு மூலையை அவளுக்கு விட்டுக்கொடுத்தால் என்ன என்றுகூட நினைத்தார். சின்ன மூலை.

சனிக்கிழமை காலையில் பார்லித் தண்ணி இரண்டு கிளாஸ் ஆனது. பத்து மணிக்குத் தண்ணீர் சொட்டச் சொட்ட அரை வத்தகப்பழம். பன்னிரண்டு மணிக்குத் தயிர் விட்ட வெள்ளரிக்காய். பன்னிரண்டரைக்கு, பஞ்சுச் சட்டை போட்டு, கால் தகடு, தொடைத் தகடு எல்லாம் மாட்டி, ஆறு நட்டையும் இறுக்கி, தலைக்கவசத்தைக் கவிழ்க்கிறதுக்கு முன்னால், ஒரு செம்பு கொத்தமல்லித் தண்ணி.

"முழுக்கக் குடியுங்கோ. அடியில விடாதையுங்கோ."

அடியில் விடவில்லை.

ஒரு மணிக்கு மாணிக்கவாசகம் விசில் ஊதினார். ஏரம்பமூர்த்தி வீட்டுப் பின்புறப் புல்லில் கால்களை அகட்டி நின்றார். வெயில் தகட்டில் பட்டு மின்னியது. வேலிக்கு அந்தப் பக்கத்தில் ஒரு நாய் ஒரு தரம் குரைத்துவிட்டு உள்ளே போய்விட்டது.

இராசமலர் முதலில் பாண் வெட்டுகிற கத்தியை எடுத்துவந்தாள். தோளில் ஒரு வெட்டு. கத்தி வழுக்கியது.

"பாத்தீரோ!" தலைக்கவசத்துக்குள்ளிருந்து குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "நான் சொன்னனானெல்லோ!"

கோழி வெட்டுகிற கத்தி. நெஞ்சில் ஒரு கீறல் விழுந்தது, அவ்வளவுதான். ஸ்வெட்டர் பின்னுகிற ஊசியைக் கமக்கட்டில் விட்டுப் பார்த்தாள். அங்கே அவர் வேலிக் கம்பியை நறுக்கிச் செய்த வளையங்கள், அதற்கடியில் பழைய தோல் ஜாக்கெட். ஊசி வளைந்தது. உலக்கையால் தலையில் ஒன்று போட்டாள். டங் என்று தெருவே அதிர்ந்தது. ஏரம்பமூர்த்தி இரண்டடி ஆடி, நிமிர்ந்தார்.

"மூர்த்தி, உசிரோட இருக்கீங்களா?"

"ஒண்டும் நடக்கேல்ல அண்ணை! பஞ்சு! எல்லாம் பஞ்சு!"

"உடம்புல படல" என்று மாணிக்கவாசகம் தாளில் குறித்தார்.

ஒன்று இருபது. இராசமலர் உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு, கதிரையில் உட்கார்ந்து முருங்கையிலை ஆயத் தொடங்கினாள்.

"என்ன, களைச்சுப் போனீரோ?"

"ஓம். நீங்கள் வலுத்த ஆள்தான். இந்தாங்கோ, மோர் குடியுங்கோ."

எதிரி கொடுத்ததை வாங்கலாமா? ஆனால் உள்ளே வேர்த்து ஊற்றியது. மோரில் பச்சை மிளகாய், கறிவேப்பிலை வாசம் வேறு. அவள் ஸ்ட்ரோவைக் கண் கீறலுக்குக் கீழே இருந்த மூச்சு ஓட்டையில் செருகிப் பிடித்தாள். ஏரம்பமூர்த்தி ஒரே மூச்சில் உறிஞ்சினார். வெற்றியின் ருசி கொஞ்சம் உப்பாக இருந்தது.

ஒன்று முப்பதுக்கு அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

சந்தேகம் அடிவயிற்றில் வந்தது. மெல்லிய சந்தேகம். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்குப் பாரத்தை மாற்றினார். தகடு கிறீச்சிட்டது.

ஒன்று முப்பத்தைந்துக்குச் சந்தேகம் தெளிவாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து இராசமலர் எழுந்துபோய்த் தோட்டத்துக் குழாயைத் திறந்தாள். கறிவேப்பிலைச் சாடிக்குத் தண்ணீர் விட்டாள். சர்ர்ர் என்று விட்டாள். பிறகு ஒரு தகர வாளியில், சொட்டுச் சொட்டாக.

"மலர்! விதி இருக்கு! தண்ணி ஊத்தக்கூடாது!"

"உங்களுக்கு மேல ஊத்தேல்லையே. மரத்துக்கு ஊத்துறன். பாவம், வாடிப்போச்சு."

"கரெக்ட்" என்றார் நடுவர். "மூர்த்தி மேல படல. எங்க ஈப்போல மழை பேஞ்சா இப்படித்தான் லா. கூரையில சோ, சோனு. பக்கத்துல அருவி வேற. பொழுதன்னைக்கும் தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கும்."

"அண்ணை, அருவியை விடுங்கோ!"

"ஏன், என்னாச்சு?" மாணிக்கவாசகம் தாளைக் கதிரையில் வைத்தார். "தங்கச்சி, ஒரு நிமிசம், பாத்ரூம் போய்ட்டு வந்துடுறேன்."

போனார். வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு நிம்மதியோடு வந்தார். அந்த நிம்மதியைக் கண் கீறலுக்குள்ளால் பார்த்தபோது, ஏரம்பமூர்த்தி வாழ்நாளில் ஒருவர்மேலும் படாத பொறாமையைப் பட்டார்.

நேரம் ஒன்று நாற்பத்துநாலு. இன்னும் பதினாறு நிமிடம். அவர் கராஜை நினைத்துக்கொண்டார். தகட்டைக் கவ்விப் பிடிக்கிற தன்னுடைய வைஸ், தன்னுடைய சுத்தியல்கள், கதவைச் சாத்தினால் ஒருவரும் எரிக் என்று கூப்பிடாத அந்தப் பத்தடி இடம். பல்லைக் கடித்தார். புல்லைச் சுற்றி நடந்தார். கொஞ்சம் வேகமாக நடந்தார். பிறகு ஓடினார். கவசம் போட்ட வீரர்களால் ஓட முடியாது என்பது சுத்தப் பொய் என்று அந்தப் புத்தகம் சொன்னதை அன்றைக்கு லின்ஃபீல்ட் நேரில் கண்டது.

"ஏன் ஓடுறியள்?"

"சும்மா."

"நில்லுங்கோவன், இன்னொரு கிளாஸ் பார்லித் தண்ணி..."

"பார்லி!" என்று அலறி நின்றார் ஏரம்பமூர்த்தி. ஊரில் ஆருக்காவது நீர்க்கடுப்பு என்றால் என்ன கொடுப்பார்கள் என்பது மூன்று நாள் பிந்தி, மின்னல் அடித்ததுபோல, அவருடைய மூளைக்கு வந்தது. "நீர்... நீர் வேணுமெண்டு செய்தனீர்!"

"எதை? உடம்புக்குக் குளிர்ச்சியா ஏதாவது தந்தனான். அதுவும் குற்றமோ?"

"அண்ணை, இது அநியாயம்! பார்லி ஆயுதமோ?"

மாணிக்கவாசகம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுத் தாளை வாசித்தார். "'வீட்டில் உள்ள எந்தப் பொருளையும் பயன்படுத்தலாம்.' உங்க கையெழுத்துதானே? அழகா எழுதியிருக்கீங்க."

வாள், அம்பு, ஈட்டி, சுத்தியல் என்று எத்தனையோ நூறு ஆண்டுகள் ஆராய்ந்த பெரிய மூளைகளெல்லாம் கவசத்தை வெளியிலிருந்து எப்படி உடைப்பது என்றுதான் பார்த்தார்கள். உள்ளே இருக்கிற ஆளை ஒருவரும் பார்க்கவில்லை. ஒன்று நாற்பத்தெட்டுக்கு ஏரம்பமூர்த்தி முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டு, ஏழாவது விதியில் விழுந்தார்.

"மலர், கழட்டும்!"

விசில் ஊதியது.

"கழட்டுறன், கழட்டுறன். ஸ்பானர் எங்க வைச்சன்?" அது அவளுடைய மேல்சட்டைப் பையிலேயே இருந்தது. அங்கே தேடுகிறதற்கு முன் அவள் மற்ற எல்லா இடத்திலும் தேடினாள். "இதுதானோ அரை இஞ்ச்?"

"ஓம்! ஓம்! கெதியா!"

"முதல் நட்டு. கராஜ் எனக்கு."

"உமக்குத்தான்!"

"ரெண்டாவது நட்டு. உங்கட சாமானெல்லாம் வீட்டுக்கு அடியில இருக்கிற இடுக்குக்குப் போகும்."

"போகட்டும்!"

"மூண்டாவது. வெங்காயம் முடிஞ்சால் புக்கெகோஹித் தோட்டங்களுக்குக் கூட்டிக்கொண்டு போவியள். முணுமுணுக்காமல்."

"நாளைக்கே போவம்! மலர், எனக்கு ஏலாது!"

நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. இரக்கம் வந்துவிட்டது. ஆறாவது நட்டுக் கழன்றதும் இரும்புச் சட்டி புல்லில் விழுந்தது. தலைக்கவசத்தைக் கழற்ற அவர் காத்திருக்கவில்லை. மேலே வீரனாகவும் கீழே பஞ்சுக் காற்சட்டையோடும் வீட்டுக்குள் பறந்தார். கதவு நிலையில் தலை இடித்த சத்தம் கேட்டது. அதையும் கவசம் தாங்கியது.

அவர் திரும்பி வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. வரும்போது மனம் லேசாக இருந்தது. மற்றதெல்லாம் லேசாக இருந்தபடியால் இருக்கலாம். கராஜ் போனது துக்கம்தான், உண்மையான துக்கம். ஆனால் நேர்மையான போரில் தோற்றோம், கடைசி நிமிடம்வரை ஒருவருக்கும் தெரியாமல் இருந்த முடிவு, மயிரிழையில் தவறியது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தார்.

சரியாக இரண்டு மணி. வாசலில் மூன்று கார்கள் வரிசையாக நின்றன. கராஜ் கதவு அகலத் திறந்திருந்தது. ஒரு காரிலிருந்து நாலு பெண்கள் அரைக்கிற மிஷினை இறக்கிக்கொண்டிருந்தார்கள். செத்தல் மிளகாய் மூட்டையை அணைத்தபடி ரதிதேவி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"எவ்வளவு பெரிய மனசு அண்ணை உங்களுக்கு! நீங்களாவே கராஜைத் தந்திட்டியள், இண்டைக்கு ரெண்டு மணிக்கு வாங்கோ எண்டு மலரக்கா போன மாசமே போன் எடுத்துச் சொல்லிப்போட்டா."